சுவருக்கு வைத்த கரை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பித்ததே இல்லை. குறைந்த செலவில் வீட்டை அலங்கரிப்பது எப்படி என்று ஒரு மகளிர் பக்கத்துக்குப் பத்துக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். அதற்கென்ன, எழுதினால் போச்சு என்று உட்கார்ந்தேன்.

குறிப்பு ஒன்று: நூல் சுற்றி வருகிற காகிதக் கூம்புகளைத் தூக்கி எறியாதீர்கள். மஞ்சளும் அரக்கும் தீட்டி, உள்ளே சின்ன பல்பு ஒன்றை வைத்துத் தொங்கவிட்டால், கடையில் வாங்கிய விளக்கு தோற்றுப்போகும்.

குறிப்பு இரண்டு: பட்டி* பூசி மிச்சமிருந்தால் அதைக் கொண்டு சுவரில்

அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் இந்த இரண்டுமே என் யோசனை இல்லை. ஆந்திராவின் தமிழ் எல்லையில் இருக்கிற நகரியில், உதயா வீட்டில் பார்த்தவை. இரண்டாவதை எழுத வேண்டுமென்றால் அவளுடைய மாமனாரைப் பற்றியும் எழுத வேண்டும். அவரைப் பற்றி எழுதினால் அது குறிப்பாக அடங்காது. மகளிர் பக்கத்துக்கு வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

* பட்டி: வண்ணம் அடிப்பதற்கு முன்னால் பெயின்டர்கள் சுவரில் இழுக்கிற வெள்ளைப் பசை. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

2

கதை என்று முடிவானதும் தொடக்கத்தோடு மல்லுக்கட்டு.

முதல் தொடக்கம்: "நகரி மலைமேல் மேகம் தவழ்ந்த ஒரு காலைப் பொழுதில்" — வேண்டாம். மேகத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது: "குடிகாரக் கணவனிடம் அடி வாங்கிய உதயா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தூரிகையைக் கையில் எடுத்தாள்." இது சுத்தப் பொய். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டாமா என்று, பாவம், பாஸ்கரைப் பிடித்துப் போட்டுவிட்டேன். அவன் டீயைத் தவிர வேறெதையும் தொடாதவன். தறியிலிருந்து வந்த கையோடு பக்கெட்டில் பட்டி கலக்கிக் கொடுத்தவனே அவன்தான். படித்தால் என்னை வாசற்படி ஏற விடமாட்டான்.

மூன்றாவதுதான் நின்றது. அதிலிருந்து போகிறேன்.

3

தாமோதரன் புது வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். சர்க்கரை கண்ணில் இறங்கியது. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போய்வந்தும் பார்வை மீளவில்லை. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். ஆனாலும் பழைய வீட்டில் அவரை யாரும் கைபிடித்து நடத்த வேண்டியதில்லை. தறிச் சத்தத்தை இடது காதில் வாங்கிக்கொண்டு, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்தபடி, கொல்லைக்குத் தானே போய்த் தானே வந்துவிடுவார்.

புது வீடு ஊருக்கு வெளியே, காலனியில். மருமகள் உதயா பெயரில் பட்டா வந்து, மகன் பாஸ்கருடைய கூலியில் மூன்று வருஷம் இழுத்து எழும்பிய வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, கூடத்தின் கடைசியில் கழிப்பறை. பக்கத்தில் தறி இல்லை, சத்தமும் இல்லை. நாலு பக்கமும் ஒரே வழவழப்பு.

ஒருநாள் அவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். பாஸ்கர் மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியவர் எழுந்து தனியாக நடந்தார். கழிப்பறை என்று நினைத்து அவர் போய் நின்ற இடம் சமையலறை. அப்புறம்

[அப்புறம் நடந்ததை எழுதி, அடித்துவிட்டேன். வேட்டியை அலசிப் போட்ட உதயாவே அதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவர்களுக்குச் சில சலுகைகள் உண்டு.]

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் சொன்னார்: "நீங்க போங்கடா. நான் இங்கயே கெடக்குறேன்."

"நைனா, தனியா இன்னா பண்ணுவே? சோறு யாரு போடுவா?" என்றான் பாஸ்கர்.

"சோத்துக்கு இன்னாடா? துன்னா துன்னேன், துன்னாட்டிப் போறேன். மருமவ கையைப் புடிச்சிக்கினு கக்கூசுக்குப் போறதுக்கு இது எவ்ளோ மேலு."

உதயா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவர் வராத வீட்டில் பால் காய்ச்சுவதில்லை என்று மட்டும் மனசுக்குள் முடிவு செய்தாள். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

4

கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் கயிறு கட்டிவிடலாம் என்றான் பாஸ்கர்.

"கயிறு கட்டுனா மாட்டுக் கொட்டாயாட்டம் கீதுன்னு வரவங்கல்லாம் சொல்லுவாங்க. மாமா அதைத் தொடவே மாட்டாரு."

"அப்ப இன்னாதான் பண்ணலாம்ன்றே?"

"நாலு பேரு பார்த்தா அழகுக்கு வெச்ச மாரி இருக்கணும். மாமா கைக்கு மட்டும் வழி தெரியணும்."

இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. வழிகாட்ட ஒரு ஏற்பாடு செய்ய யாராலும் முடியும். அதை அலங்காரத்துக்குள் ஒளித்துவைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

சேலையில் பூவும் மாங்காயும் விழ வேண்டுமானால், தறிக்கு மேலே இருக்கிற பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து ஓட்டுவார்கள். டிசைன் மாறினால் பழைய அட்டை குப்பை. அட்டை அடிக்கிற நரசிம்மனிடம் போய் நின்றாள் உதயா. பத்துத் தறிக்கு ஒரே டிசைன் ஓடியதால், ஒரே மாதிரி அட்டை பத்து கிடைத்தது.

"இதை இன்னாம்மே பண்ணுவே?"

"சுவத்துக்கு வெக்கணும்ணா."

"சுவத்துக்கும் பொடவை கட்டி உடப் போறியா?" என்று சிரித்தான். ஆனால் அழுக்கில்லாத அட்டையாகப் பார்த்துப் பொறுக்கித்தான் கொடுத்தான்.

அட்டையைச் சுவரில் ஒட்டி, மேலே பட்டியை இழுத்து, பிறகு அட்டையை உரித்தால், ஓட்டை இருந்த இடமெல்லாம் கடுகு கடுகாகப் புடைத்து நிற்கும். சொல்வது சுலபம். முதல் நாள் பட்டி தண்ணியாகி அட்டைக்கு அடியில் ஒழுகியது. மறுநாள் கெட்டியாகி அட்டையோடேயே பெயர்ந்து வந்தது. மூன்றாம் நாள் வடைமாவுப் பதத்தில் கொஞ்சம் பசை சேர்த்து, பழைய ஏடிஎம் கார்டால் இழுத்து, பாதி காய்ந்ததும் ஓரத்திலிருந்து உரித்தாள். நின்றது.

அப்படியே கட்டிலிலிருந்து ஆரம்பித்து, தெருக்கதவைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கழிப்பறை வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கரை. மேலும் கீழும் அரக்கில் ஒவ்வொரு கோடு. புள்ளிகளுக்கு மஞ்சள். ஒரு அட்டை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் புள்ளியோடு புள்ளி இம்மி பிசகாமல் பொருந்தும்வரை அவள் விடவில்லை. பிசகிய இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி இழுத்தாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண். அவள் பார்த்து வளர்ந்த கரையெல்லாம் அப்படித்தான், ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீராக ஓடும்.

கூடத்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒரே ஓரிடத்தில் ஒரு வரிசைப் புள்ளி உதிர்ந்துபோனது. அதற்குள் பட்டி தீர்ந்துவிட்டது. அங்கே மஞ்சளில் புள்ளிகளைத் தீட்டிச் சமாளித்துவிட்டாள். கிட்டே போய்ப் பார்த்தாலும் தெரியாது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

5

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலையில் தாமோதரனைக் கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவில் ஏற்றி வந்தார்கள். வேண்டா வெறுப்பாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மாமா, கைய இப்பிடி வையுங்க."

வைத்தார். விரல் ஒரு சாண் தூரம் போனது. நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"இன்னாடி இது? அட்டை அடிச்சிக்கீறியா சுவத்துல?"

"ஆமா மாமா."

"அட! யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் குடுக்கல."

"டேய் பாஸ்கரு, ஒம் பொண்டாட்டிக்குக் கண்ணு வேற, கை வேற இல்லடா."

பாஸ்கருக்குப் பெருமை தாங்கவில்லை. "எழுந்து நடந்து பாரு நைனா!"

எழுந்தார். கையைச் சுவரில் வைத்தபடி நடந்தார். பத்தடி, பன்னிரண்டடி. கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"இப்ப நான் எங்க கீறேன்?"

இன்னும் நாலடி வைத்தார். விரலுக்கடியில் கரை முடிந்தது. அது ஏதோ ஒரு கதவின் விளிம்பு. உள்ளே காலை வைத்தார். கால் கேஸ் சிலிண்டரில் இடித்தது. மறுபடியும் சமையலறை.

திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் உதயாவுக்குத் தாங்கவில்லை.

"ரொம்ப அழகா கீதும்மா. ஆனா எங்க தொட்டாலும் ஒண்ணாவே கீது. வெட்டாத பீஸ் துணிமேல நடக்குற மாரி கீது. மொதல் எது, முடிவு எது, ஒண்ணும் தெரியல. என்னை அங்கயே உட்ருங்க."

[இங்கே உதயா அழுததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை, கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அழுதேன், அதுவும் எழுதும்போது.]

6

கட்டிலுக்குத் திரும்ப அவர் சுவரைப் பிடித்தபடி வந்தார். அலமாரிக்குப் பக்கத்தில், போகும்போது கவனிக்காமல் தாண்டிய இடத்தில், கட்டைவிரல் சட்டென்று நின்றது.

"இங்க உட்டுட்டியேம்மா."

உதயா கிட்டே ஓடி வந்தாள். "கண்ணுல பார்த்தா தெரியாதே மாமா! தீட்டி வெச்சிருக்கேனே!"

"தீட்டுனா இன்னா? இழை போன எடம் எனக்குத் தெரியாதா? துணியில கை வெச்சா விரலு அங்கதான் போய் நிக்கும். அதைக் கண்டுபுடிக்கத்தானே மொதலாளி சம்பளம் குடுத்தாரு!" சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

உதயா அந்த இடத்தைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். அவர் நின்ற இடமும் அலமாரி இருக்கிற இடமும் ஒன்று. கூடத்தின் அத்தனை நீளத்தில், அவருடைய விரல் அடையாளம் கண்டுகொண்ட ஒரே இடம் அதுதான்.

பட்டித் தகடு பக்கெட்டில் கிடந்தது. எடுத்தாள்.

"ஏய், ஏய்! இன்னா பண்றே?" பாஸ்கர் பாய்ந்து வந்தான். "மூணு வாரமாடி செஞ்சே!"

"நவுருங்க."

"பைத்தியமா புடிச்சிக்கீது?"

"நவுருங்கன்னா நவுருங்க."

கழிப்பறைக் கதவுக்கு ஒரு சாண் முன்னால், ஒரு விரல் அகலத்துக்குப் புள்ளிகளைச் சுரண்டினாள். சமையலறைக்கு முன்னால் இரண்டு இடத்தில். தெருக்கதவுக்கு முன்னால் மூன்று. இம்மி பிசகாமல் பொருத்திய இடங்களாகப் பார்த்து அவளே சுரண்டினாள். பட்டித் தூள் புடவையெல்லாம் கொட்டியது. ஒவ்வொரு தடவை தகடு இறங்கும்போதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தாமோதரன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "பாஸ்கரு, இன்னாடா நடக்குது?"

"இழையை அறுக்குறா நைனா. வேணும்னே."

பெரியவர் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பினார். பிறகு, "எத்தினி எடத்துல?" என்று கேட்டார்.

"கக்கூசுக்கு ஒண்ணு, சமையலுக்கு ரெண்டு, தெருவுக்கு மூணு" என்றாள் உதயா, சுவரைப் பார்த்தபடியே.

"வெள்ளிக்கெழம வந்து பாக்குறேன்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வந்து பார்க்கிறேன் என்றுதான் சொன்னார்.

நானும் இந்தக் கதையை வழவழவென்று இழைத்துக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். இந்தப் பகுதியை எழுதிய பிறகு, அடித்ததையும் அடைப்புக்குறிகளையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

7

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சியாகிவிட்டது. கூடம் கொள்ளாத கூட்டம். காகிதக் கூம்பு விளக்குகளைப் பார்த்தவர்கள், "எந்தக் கடையில வாங்கினே?" என்று கேட்டார்கள். வார்டு அலுவலகமான சச்சிவாலயத்திலிருந்து வந்திருந்த அம்மாள் கரையைத் தடவிப் பார்த்து, "சால பாகுந்தி உதயா" என்று தெலுங்கில் மெச்சியவர், நடுநடுவே ஏன் உதிர்ந்திருக்கிறது என்று இரக்கப்பட்டார். "அவசரத்துல செஞ்சது மேடம்" என்று உதயா சொல்லிவிட்டாள்.

தெருக்கதவையும் சமையலறைக் கதவையும் சாத்திவிட்டுப் பந்தி உட்கார்ந்தோம். கட்டிலில் இருந்த தாமோதரன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைச் சுவரில் வைத்தார்.

இரண்டு பேர் உதவ எழுந்தார்கள். உதயா பாயசத் தூக்கோடு குறுக்கே வந்து நின்றாள். குனிந்து பரிமாறுகிற சாக்கில், ஒவ்வொரு இலையிடமும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்:

"மாமா போறாரு. யாரும் பாக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், எலையைப் பாத்துத் துன்னுங்க."

இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில், கட்டைவிரல் ஒரு விரல் இடைவெளியில் நின்று, அவர் சரியான கதவைத் திறக்கிறார். மாலையில் பழைய வீட்டிலிருந்து அவருடைய டிரங்குப் பெட்டி வந்து இறங்குகிறது. இன்னொன்றில், இரண்டை ஒன்றென்று எண்ணிச் சமையலறைக்குள் போய்விடுகிறார்; ஆட்டோவைக் கூப்பிடச் சொல்கிறார். மூன்றாவதில், கூடத்தின் நடுவில் நின்று "உதயா" என்று கூப்பிடுகிறார். மூன்றையும் நம்புகிற மாதிரிதான் எழுதியிருந்தேன். மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

காரணம் இதுதான். நான் அங்கே இருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் ஒருவர்கூடத் தலைதூக்கவில்லை. பேச்சு நின்றுவிட்டது. சுவரில் விரல் உரசுகிற சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்தது, தாண்டிப் போனது. ஓரிடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் ஒரு தாழ்ப்பாள் திறக்கிற சத்தம்.

அந்தக் கூடத்தில் தாழ்ப்பாள் வைத்த கதவு மூன்று.

உங்கள் இலை என் இலைக்குப் பக்கத்தில்தான் போட்டிருக்கிறது. தலைதூக்கிப் பார்ப்பதானால் பாருங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் உதயா தூக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் எதிரில்தான் நிற்கிறாள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.