செவிலிமேட்டின் மேல் நின்ற பந்து

2023ஆம் ஆண்டு தை மாதம் மூன்றாம் ஞாயிறு காலை, பிள்ளையார்பாளையம் சிவபாலன் தன் புது கோல்ஃப் டிரைவரால் அடித்த முதல் பந்து, மறு வருடம் பங்குனியில்தான் தரைக்கு வந்தது. நடுவில் இருந்த பதினாலு மாதமும் அது செவிலிமேட்டுக்கு மேலே, மூன்று தென்னை உயரத்தில், போய் நின்ற இடத்திலேயே நின்றது. அடித்த அன்று தக்காளி கிலோ இருபது ரூபாய். ஊரார் இரண்டையும் ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

காஞ்சிபுரத்தில் கோல்ஃபா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பாலாற்றங்கரையில், புல் முளைக்காத மணல்மேட்டில், ஒன்பது குழிகளோடு ஒரு மைதானம் இருபது வருடமாக இருக்கிறது. குழியைச் சுற்றிப் பச்சைப் புல் இருக்க வேண்டிய இடத்தில் ஆற்று மணலோடு பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து உருட்டி வைத்திருக்கிறார்கள். கழகத்தில் உறுப்பினர்கள் பதினொரு பேர். செயலாளர் சுகாசினி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்; விதிப் புத்தகத்தைக் கைப்பையில் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர். இந்த மைதானத்துக்கென்று தனியாக ஒரு விதி உண்டு. முதலில் அடித்தவரின் பந்து தரையில் ஓய்ந்து நிற்கும்வரை அடுத்தவர் அடிக்கக் கூடாது. இது ஆடு மேய்ப்பவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஒரு பந்து வந்தால் ஆடுகளை ஒதுக்கிவிடலாம், இரண்டு வந்தால் எந்தப் பக்கம் ஓட்டுவது என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

டிரைவர் என்பது இந்த ஆட்டத்தில் முதல் அடிக்கென்றே இருக்கும் நீளமான மட்டை. தலை மட்டும் பெரிய தேங்காய் மூடி அளவுக்கு இருக்கும். அதை மாற்றுவது போன்ற ஆபத்து வேறு இல்லை என்பது கழகத்தின் அனுபவம். பூஜைச் சாமான் கடை கைலாசம் புது டிரைவர் வாங்கிய அன்று முதல் மூன்று பந்துகளும் நூல் பிடித்தது போலப் போயின. மனிதர் கண் கலங்கிவிட்டார். நாலாவது பந்திலிருந்து இன்றுவரை ஒன்றும் நேராகப் போகவில்லை. அந்த மூன்று அடியை எப்படி அடித்தோம் என்று இன்னும் கடையில் ஊதுபத்திக் கட்டை வீசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சின்ன காஞ்சிபுரம் ராஜகோபாலின் புது டிரைவர் சமையலறையில் சொம்பு விழுந்தது போலச் சத்தம் போட்டது. பந்து இருபது கஜம் கூடுதலாகப் போனது உண்மைதான், ஆனால் அந்த இருபது கஜமும் முள்காட்டுக்குள். பழைய டிரைவரை மறுபடி கையில் எடுத்தால் அதுவும் பிணங்கிக்கொண்டு அடிக்க மறுத்தது. இப்படிப் பதினொரு பேரில் புது டிரைவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் யாரும் இல்லை. இந்தச் செய்தியை நம்பித்தான் சிவபாலன் புது டிரைவர் வாங்கினார். அவருக்கு அந்த வருடம் தோற்க வேண்டியிருந்தது.

காரணம் இதுதான். சிவபாலனின் ஒரே மகள் அபிநயாவும், வாலாஜாபாத் அரிசி ஆலை முனிசாமியின் மகன் அருளும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் அபிநயா காஞ்சிபுரத்தில் ஏறுவாள், அருள் வாலாஜாபாத்தில் ஏறுவான். மூன்று வருடம் அவனுக்கு ஜன்னலோர இருக்கையைத் துப்பட்டா போட்டுப் பிடித்து வைத்தவள், கல்யாணம் செய்துகொள்கிறோம் என்று ஒருநாள் வீட்டில் சொன்னாள். அருளும் அவன் வீட்டில் சொன்னான். இரண்டு அப்பாக்களுக்கும் உள்ளுக்குள் சம்மதம்தான். ஆனால் நெசவுக்காரர் வீட்டுப் பெண், விவசாயக் குடும்பத்துப் பையன். இரண்டு பக்கத்து உறவுக்காரர்களிடமும் அதை வாய் திறந்து சொல்ல இருவருக்கும் தைரியம் இல்லை. கழகத்தின் வெள்ளி நாடாக் கோப்பைக்கு அந்தத் தையில் அவர்கள் இருவருக்கும்தான் இறுதி ஆட்டம். ஜெயித்தவர் முதலில் தன் சொந்தங்களைக் கூட்டி விஷயத்தைச் சொல்வது, தோற்றவர் பின்னாலேயே தலையாட்டிவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். வீட்டில் கேட்டால் “மேட்ச் முடியட்டும்” என்றார்கள். அதாவது இருவருமே தோற்கத்தான் வந்தார்கள். எட்டுக் குழி முடிந்தபோது இருவரும் சமம். அவ்வளவு கேவலமான ஆட்டத்தை அந்த மைதானம் பார்த்ததில்லை என்று சுகாசினி குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கிறார்.

ஒன்பதாவது குழிக்கு வந்ததும் சிவபாலன் புது டிரைவரைப் பையிலிருந்து எடுத்தார். அதன் கழுத்தில் ஓர் அரக்குப் பட்டிழை சுற்றியிருந்தது. அந்த இழையின் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய பழைய டிரைவரின் தலை கார்த்திகையில் விரிசல் விட்டது. பன்னிரண்டு வருடம் பந்தை வலது பக்கமாகவே வளைத்து வளைத்து அடித்த மட்டை. தூக்கிப் போட மனம் வராமல் தலையை அறுத்துவிட்டு, தண்டை வீட்டுத் தறியில், நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் சிக்காமல் பிரித்து வைக்கும் மூங்கில் கோலுக்குப் பதிலாகச் செருகிவிட்டார். புது டிரைவர் வந்த அன்று நெசவுக்காரக் கை சும்மா இருக்கவில்லை. தறியில் புதுப் பாவு ஏற்றும்போது, பழைய பாவின் முனையோடு ஒவ்வோர் இழையாகப் பிணைத்துத்தான் உள்ளே இழுப்பார்கள். வெறுந்தறியில் யாரும் புதிதாக ஆரம்பிப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் அவர் ஓடிக்கொண்டிருந்த பாவிலிருந்து ஓர் இழையை உருவி, ஒரு முனையைப் பழைய தண்டிலும் மறுமுனையைப் புது டிரைவரின் கழுத்திலும் முடிந்து, நடுவில் அறுத்தார். வேறு யாருக்கும் இப்படி ஒரு காரியம் தோன்றியிருக்காது. தறியில் அப்போது ஓர் அரக்குச் சேலை பாதியில் நின்றிருந்தது. முடிக்கத் துணியாத ஒரு வேலையோடு புது மட்டையைப் பிணைக்கிறோம் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

அடித்தார். பந்து நேராக மேலே போனது, ஒரு காக்கையைத் தாண்டியது, நின்றது. மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் தொலைந்த பந்து என்பது விதி. சுகாசினி கடிகாரத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார். “பந்து கண்ணுக்குத் தெரியுது. தொலஞ்சிடுச்சின்னு எப்படி எழுதறது? தரைக்கு வரல, அதனால முனிசாமி அடிக்கவும் கூடாது. ஆட்டம் நடந்துக்கினு இருக்குது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார். முனிசாமி தன் டிரைவரைத் தோளில் போட்டபடி மதியம்வரை நின்றார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை என்று கைலாசம் பின்னாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் மாதம் கூட்டம் வந்தது. சுண்டல் வண்டி ஒன்று வந்தது. சென்னையிலிருந்து இருவர் வந்து அண்ணாந்து அளந்து, காற்றில் ஈரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்தைப் ‘பந்து ஸ்டாப்பிங்’ என்று கூவ ஆரம்பித்தார்கள். வைகாசி கருடசேவைக்கு வந்த சனம் போகிற போக்கில் அதையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆடியில் தக்காளி நூறைத் தாண்டியதும் பந்தைப் பற்றிய பேச்சு அடங்கியது. ஐப்பசி மழையில் அது நனைந்து சொட்டியதே தவிர அசையவில்லை. இரண்டு அப்பாக்களும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து, மேலே பார்த்து, “இன்னும் எறங்கல” என்று வீட்டுக்கு போன் செய்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கம்பெனி பஸ்ஸில் அபிநயாவும் அருளும் செவிலிமேட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு இருபத்தேழு முடிந்தது. அருளின் மாமா அவனுக்கு ஆரணியில் ஒரு பெண் பார்த்திருப்பதாகச் செய்தி வந்தது. அந்த வருடம் அவள் இளைத்துப் போனாள். அது சிவபாலனுக்குத் தெரிந்தே இருந்தது, அதுதான் அவரை அரித்தது.

மாசியில் ஒரு ஞாயிறு, அவர் மைதானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அபிநயா தறியின் மேல் மூடியிருந்த பழைய பெட்ஷீட்டை இழுத்துப் போட்டாள். புது டிசைனை அடுத்த தறிக்காரர் பார்க்காமல் மூடி வைப்பது ஊர் வழக்கம் என்பதால் அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. அரக்கு உடம்பு, மாம்பழ நிறப் பார்டர், பாதிச் சேலை. பதிமூன்று மாதத் தூசி.

“இது யாருக்குப்பா?”

“கஸ்டமருக்கு.”

“பன்னெண்டு வயசுல, எனக்கு அரக்குல மாம்பழக் கலர் பார்டர் வேணும்னு கேட்டேனே. அந்தக் கஸ்டமரா?”

சிவபாலன் செருப்பைக் கழற்றினார். “உனக்குத்தான்மா” என்றார். “நீ வந்து சொன்ன வாரமே பாவு போட்டுட்டேன். அருள் நல்ல பையன். நாலு பேரு எதிர்ல அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல.”

இப்படி உடம்புக்கு ஒரு நிறம், பார்டருக்கு ஒரு நிறமாக உள்ள சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. மறுபக்கத்தில், குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவைப் போட இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரான அவர் மனைவி துர்காதேவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “நான்தான் பக்கத்துல ஒக்காந்து நாடா போட்டேன். மனுஷன் இன்னிக்கி வாயத் தொறப்பாரு, நாளைக்கித் தொறப்பாருன்னு பாத்துக்கினே இருக்கறேன்” என்றார்.

சிவபாலன் அன்று மைதானத்துக்குப் போகவில்லை. முதலில் பெரியப்பா மகனுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னார். அண்ணன் பதினொரு நிமிடம் கத்திவிட்டு, பன்னிரண்டாவது நிமிடம் மண்டபம் எது என்று கேட்டார். இதற்கா ஒரு வருடம் பயந்தோம் என்று சிவபாலனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு தறியில் உட்கார்ந்தார். மறுபக்கத்து நாடாவை அபிநயா போட்டாள். ஒரு முழம் நெய்து முடிக்கும்போது சுகாசினியின் போன் வந்தது: பந்து ஒரு தென்னை ஓலை நீளத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அதன் பிறகு இருபது நாள், இங்கே சேலை ஏற ஏற, அங்கே பந்து இறங்கியது. பங்குனி இரண்டாம் ஞாயிறு சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தார்கள். அந்த நேரத்துக்குப் பந்து, அடித்த இடத்திலிருந்து ஒரு சாண் பின்னால், தொப்பென்று மணலில் விழுந்தது. பதினாலு மாதம் பறந்த பந்து மைனஸ் ஒரு சாண் என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

அடுத்த அடி முனிசாமியுடையது. எப்படி அடித்தாலும் ஜெயித்துவிடுவோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வேண்டுமென்றே இரண்டு முறை காற்றை அடித்தார். தறியிலிருந்து நேராக வந்திருந்த சிவபாலன் அருகில் போனார். “நான் எங்க வீட்ல சொல்லிட்டேன்பா. ஒண்ணும் ஆகல. நீ பயப்படாம அடி” என்றார். முனிசாமி மட்டையைத் திருத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த ஆட்டத்திலேயே முதல் தடவையாக ஒழுங்காக ஓர் அடி அடித்தார். பந்து போன பிறகும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “நான் போன வருசம் தையிலயே சொல்லியிருப்பேன். ஒன் பந்துதான் எறங்கல” என்றார். அன்று சாயங்காலமே தன் சொந்தங்களைக் கூட்டிச் சொல்லிவிட்டார். வைகாசியில் வாலாஜாபாத்தில் கல்யாணம் நடந்தது. சேலையில் ஓரிடத்தில் ஓர் இழை குறைவு என்று நெசவுக்கார உறவினர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை.

2025 தையில் மறுபடி மூன்றாம் ஞாயிறு வந்தது. கழுத்தில் அதே இழையோடு அதே டிரைவரை எடுத்து, சிவபாலன் முதல் குழிக்கு அடித்தார். பந்து மேலே போய் நின்றது. யாரும் வியக்கவில்லை. சுகாசினி அட்டையில் ‘மேலே’ என்று எழுதினார், கைலாசம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். சிவபாலன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

துர்காதேவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே, “மறுபடியும் நின்னுடுச்சா?” என்றார். அவர் தலையாட்டினார். “இப்ப இன்னாத்த சொல்லாம வெச்சுக்கினு இருக்கீங்க?”

சிவபாலன் தறிப் பலகையில் உட்கார்ந்தார். சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் இன்னமும் வாசலுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். பால்காரர் வந்தாரா என்று பார்த்ததாக இத்தனை நாளும் சொன்னது பொய் என்றார். “அவ இல்லாம வீடு நல்லாவே இல்ல துர்கா.”

“எனக்கு மட்டும் நல்லா இருக்குதா?” என்றார் துர்காதேவி. “எட்டு மாசமா மூணு டம்ளர் காபி கலந்துட்டு, ஒண்ண நானே குடிச்சிக்கினு இருக்கறேன்.” கத்தியை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில், நாடா போடுகிற இடத்தில் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. பந்து இறங்கிவிட்டதாம். இருநூற்று நாற்பது கஜம், மைதானத்துக்கு நட்டநடுவில், வலமும் இல்லாமல் இடமும் இல்லாமல். சீக்கிரம் வாருங்கள், இட்லி ஆறுகிறது என்றார் சுகாசினி. பதினொரு உறுப்பினர்களில் புது டிரைவரைக் குறை சொல்லாதவர் இன்றைய தேதிவரை சிவபாலன் ஒருவர்தான்.