படுத்துக் கிடந்த மிஷின்

அந்தக் குடியிருப்பின் செயலாளருக்கு எந்தப் பொருளும் நேராக நின்றால் பிடிக்காது. சாய்த்து வைத்தால் இடம் மிச்சம் என்பது அவர் கொள்கை. ஏணி, முக்காலி, இஸ்திரி மேசை, மூடி சரியாக மூடாத தேன் பாட்டில் எல்லாம் அவர் வீட்டில் படுத்தே கிடக்கும். "நான் ஓடிக்கிட்டே இருக்கறதால தப்பிச்சேன். ஒரு நிமிஷம் அசந்தா என்னையும் சுவரோரம் சாய்ச்சு வச்சிடுவார்" என்பாள் அவர் மனைவி.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. சாவி செயலாளரின் இடுப்பில். குடியிருப்போர் சங்கத்தின் புல் வெட்டும் மிஷின் அங்கேதான் இருந்தது. கூடவே, போன மாதம் வீட்டில் இடமில்லை என்று அவர் கொண்டுவந்து போட்ட கம்பளச் சுருளும் இரண்டு பெட்டிகளும். மின்சாரம் வீண் என்று பல்பையும் கழற்றிவிட்டார். புல் வெட்டும் அக்கா வேலை முடிந்ததும் மிஷினைத் துடைத்து அறை வாசலில் விட்டுவிட்டுப் போவார். செயலாளர் அதை உள்ளே தள்ளி, கைப்பிடியை மடக்கி, கம்பளத்தின் மேல் ஒருக்களித்துப் படுக்க வைப்பார். மறுநாள் காலை அவரே நிமிர்த்தி வெளியே விடுவார்.

ஒரு மாதமாக மிஷினுக்கு என்னவோ ஆகிவிட்டது. கயிற்றை இழுத்தால் இருமியது. கிளம்பினால் வெள்ளைப் புகையைக் கக்கியது. முதல் மாடிக்காரர் தீப்பிடித்துவிட்டதாக நினைத்து ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து கொட்டினார். அது புல்லில் விழாமல் அக்காவின் தலையில் விழுந்தது.

செயலாளர் ஆயில் பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தார். திங்கட்கிழமை நிறைய ஊற்றிய ஆயில் வெள்ளிக்கிழமை பாதியாகியிருந்தது.

"ஆயில் எங்கம்மா போச்சு?"

"எங்கயோ ஒழுகுது சார். மிஷினை நல்லா பிரிச்சுப் பார்க்கணும்."

"ஒழுகினா தரையில தெரியாதா? தரை பளபளன்னு இருக்கு! என் காதுலயே பூ சுத்தறியா?"

தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்பது உண்மைதான். அவ்வளவு போதும் அவருக்கு. நல்ல ஆயிலை எடுத்து விற்றுவிட்டு, கணக்குக்குக் கொஞ்சம் மட்டமானதை ஊற்றுகிறாள், அதனால்தான் புகை என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து அக்கா வெளியே போகும்போது பையைச் சோதிக்க வேண்டும் என்று காவலாளிக்கு உத்தரவு. அந்த வாசல் வழியாகத் தினமும் முப்பது பை வெளியே போகும். சோதனை ஒரே ஒரு பைக்கு.

காவலாளிக்குக் கை கூசியது. பைக்குள் ஒரு சீப்பு, மாற்றுத்துணி, பாதி படித்த வாரப்பத்திரிகை, சாப்பாட்டு டப்பா. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"எண்ணெய் இருக்கு சார். ஆனா முட்டை பொரிச்ச எண்ணெய்."

பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி மூடினார்.

சேதிக்குக் கால் இல்லாவிட்டாலும் ஓட்டம் அதிகம். அதே தெருவில் இன்னும் இரண்டு குடியிருப்புகளில் அக்கா புல் வெட்டிக்கொண்டிருந்தார். "இந்த வாரம் வேண்டாம், அப்புறம் சொல்றோம்" என்றார்கள் இரண்டு இடத்திலும். அவரை நிறுத்தத் தீர்மானம் போட ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அதில் இங்கேயும் வேலை போனால் மூன்றும் போச்சு. திருடி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

ஞாயிறு காலை புல்வெளியில் கூட்டம். அக்காவையும் வரச்சொல்லியிருந்தார்கள். நாற்காலி போதவில்லை.

"நம்ம கம்பளம் எதுக்கு இருக்கு!" என்று செயலாளர் அறையிலிருந்து சுருளைத் தூக்கி வந்து உதறி விரித்தார். வேண்டிய மட்டும் வாசலில் நின்று பேசிவிட்டு வந்த பொருளாளர், வெள்ளைக் கால்சட்டையோடு அதன் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"தீர்மானம் ஒன்று" என்று செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"ஈரமா இருக்கே" என்றார் பொருளாளர். எழுந்து திரும்பினார். பின்பக்கம் கன்னங்கரேல் என்று ஒரு வட்டம். கருநிறக் கம்பளத்தில், அதுவரை யார் கண்ணிலும் படாமல், அதைவிடப் பெரிய வட்டம்.

அக்கா குனிந்து தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். "சார், மிஷினை உள்ள எப்படி வைக்கறீங்க?"

"அதைக் கேட்க நீ யாரு? இடம் மிச்சமா, நேக்கா வைக்கறேன்."

"எப்படின்னு செஞ்சு காட்டுங்க சார்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மிஷினை உருட்டி வந்து, கைப்பிடியை மடக்கி, லாவகமாக ஒருக்களித்தார். கை தட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார். யாரும் தட்டவில்லை. எல்லோர் கண்ணும் தரையில் இருந்தது. காற்று வடிகட்டி இருந்த பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு சின்ன ஓடையே.

"வடிகட்டி கீழ போனா ஆயில் அது வழியா வெளிய வரும் சார். மிச்சம் இருக்கறது இன்ஜின் சிலிண்டருக்குள்ள போய் எரியும், அதான் வெள்ளைப் புகை. நாலு சக்கரத்துல நிக்க வைக்கணும். சாய்க்கவேண்டி வந்தாலும் வடிகட்டி மேல இருக்கணும்."

"திருடன் அகப்பட்டுட்டான்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். செயலாளரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா மிஷினை நிமிர்த்தினார். ஊறிப்போன ஸ்பாஞ்சு வடிகட்டியைக் கழற்றி, துணியில் சுற்றிப் பிழிந்து துடைத்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். "தள்ளி நில்லுங்க சார், பிளக் இருந்த ஓட்டை வழியா உள்ள போன ஆயில் தெறிக்கும்" என்றார். செயலாளர் சரியாகப் பார்ப்பதற்காக இன்னும் கிட்டே வந்தார். அக்கா கயிற்றை இழுத்தார். செயலாளரின் சட்டைப் பையிலிருந்து மீசை வரை கறுப்பாக ஒரே கோடு.

பிளக்கைத் துடைத்து மாட்டி, ஆயில் அளவைச் சரி செய்து மறுபடி இழுத்தபோது மிஷின் ஐந்து நிமிடம் புகைந்தது. பிறகு புகை அடங்கிச் சீராக ஓடியது.

"சரி, சரி, தெரியாம நடந்துபோச்சு. தீர்மானம் ரத்து. போய் வேலையைப் பாரும்மா" என்றார் செயலாளர், மீசையைத் துடைத்தபடி.

அக்கா மிஷினை நிறுத்தினார். நகரவில்லை.

"திருடின்னு சொன்னப்ப சத்தமா சொன்னீங்க சார். இதை மட்டும் ஏன் முணுமுணுக்கறீங்க? இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு இடத்துல என்னை வர வேண்டாம்னுட்டாங்க. அங்கயும் வந்து சொல்லுங்க."

"சட்டை மாத்திக்கிட்டு..."

"அதே சட்டையோட போங்க. அப்பதான் நம்புவாங்க" என்றாள் மனைவி.

போனார். முதல் குடியிருப்பில் வடிகட்டி, சிலிண்டர், இடநெருக்கடி என்று பத்து நிமிடம் பேசினார். அங்கிருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையோடு அடுத்த குடியிருப்பின் வாசல் வரை நடந்தார் செயலாளர். வழியில் என்ன நினைத்தாரோ, அங்கே மிஷின் பேச்சையே எடுக்கவில்லை.

"இவங்க திருடல. ஆயில் குறைஞ்சதும் நான் என் கையைப் பார்க்கல, இவங்க பையைப் பார்த்தேன். இல்லாதவங்கன்னா எடுத்திருப்பாங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன். அது மிஷின் கோளாறு இல்லை, என் புத்திக் கோளாறு. யார் மேலயும் பழி போடறதுக்கு முன்னாடி நாம என்ன செஞ்சோம்னு பார்க்கணும். பார்க்காம போட்டுட்டா, போட்ட இடத்துக்கெல்லாம் நடந்துபோய் நாமதான் எடுக்கணும்."

அங்கிருந்தவர் அக்காவிடம் கேட்டார்: "நாளைக்கு வரீங்களா?"

"வரேன். உங்க மிஷினை எப்படி வச்சிருக்கீங்க?" என்றார் அக்கா.