ஐந்தாவதாக வந்தவள்

பள்ளிகளுக்கிடையேயான ஓட்டப்பந்தயம் என்றால் அந்த நாட்டில் கடைத்தெருவே காலியாகிவிடும். தையற்காரியும் கடையைச் சாத்திவிட்டு மகள் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தாள். அரங்கத்தில் எள் விழ இடமில்லை.

அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளர். இத்தனூண்டு நாட்டில் எப்படி இவ்வளவு மின்னல்கள் பிறக்கின்றன என்று கண்டறிய வந்தவராம். தண்ணீரா, சாப்பாடா, ரத்தமா என்று துருவித் துருவிக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார், என் பொண்ணு நிக்கிறா" என்றாள் அவள்.

துப்பாக்கி வெடித்தது. நூறு மீட்டர். தையற்காரி பெஞ்சின் மேல் ஏறிப் பயிற்சியாளரின் தோளைப் பிடித்து உலுக்கியபடி, தொண்டை கிழியக் கத்தினாள். இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் மகள் சிட்டு ஐந்தாவதாக வந்தாள்.

பயிற்சியாளர் தன் ஸ்டாப்வாட்சை இரண்டு முறை பார்த்தார். பிறகு விழுந்தடித்துப் படியிறங்கி ஓடினார். என்னவோ ஏதோ என்று தாயும் பின்னாலேயே ஓடினாள்.

குழாயடியில் சிட்டு தலையை நனைத்துக்கொண்டிருந்தாள். தன் நாட்டுக்கு வந்துவிடச் சொன்னார் அவர். படிப்பு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தாய்க்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது.

சிட்டு மூச்சிரைக்கக் கேட்டாள். "அங்க எனக்கு முன்னாடி ஓட யாரு இருக்கா?"

"யாருமே இல்ல. நீதான் முதல்" என்றார் அவர் பெருமையாக.

"அப்ப நான் யாரைத் துரத்துறது?"

தன்னை முந்திய நான்கு பேரையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.  பயிற்சியாளர், தான் கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டதென்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வந்த வாய்ப்பை உதறிவிட்டாளென்று வீடு வரும்வரை தாய் திட்டித் தீர்த்தாள். மறுநாள் காலை அந்த நால்வரும் வாசலில் வந்து கூப்பிட, சிட்டு காலணியைக் கையிலேயே தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு ஓடினாள். தாய்க்கு அதற்குமேல் கோபம் தங்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே அரங்கம், அதே கூட்டம். பாதித் தூரம்வரை சிட்டு பின்தங்கித்தான் இருந்தாள். பிறகு என்ன வந்ததோ, ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியையும் தாண்டினாள். மூன்றாம் இடம்! நாட்டின் தொடர் ஓட்ட அணிக்கு அவள் தேர்வானதாக ஒலிபெருக்கி சொல்லி முடிப்பதற்குள் வேலியைத் தாண்டி வந்து தாயை அப்படியே தூக்கிவிட்டாள்.

"இறக்கிவிடுடி, எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள் தையற்காரி, மகளின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு.