கம்பளிப் பாதையில் இரண்டு பிணங்கள்

அருள்நேசனின் கழுத்தில் சிவப்புச் சாயத்தைப் பூசிவிட்டு, "நீங்கள் இப்போது செத்துவிட்டீர்கள்" என்றாள் ஒப்பனைக்காரி. அவரும் தலையாட்டினார். முந்நூற்றுச் சொச்சம் வருசங்களுக்கு முன்னர் சால்வைக் கம்பளி போகிற மலைப்பாதைக்காக லடாக்கும் திபெத்தும் அடிபட்ட கதையை, கிழக்கு லண்டனில் ஒரு பழைய கிட்டங்கிக்குள் டி.வி.க்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் கிடக்கிற பிணங்களுக்கு எந்த நாட்டு முகமும் போதும். வேலை போனதிலிருந்து அப்பா கட்டிலைவிட்டு எழும்புகிறாரில்லை என்று மகள் றொசாந்திதான் அவருடைய பெயரைக் கொடுத்திருந்தாள்.

அவருக்குப் பக்கத்தில் திபெத்துக்காரனாகச் செத்துக் கிடந்தவர் ஞானரட்ணம். உடுப்பு மாற்றும்போதே அருள்நேசன் ஆளை மட்டுக்கட்டிவிட்டார். ஊரில் இருந்த காலத்தில் அண்ணன் அருட்செல்வம் ஓர் ஆயுத இயக்கம், ஞானரட்ணம் மற்றது. இரண்டும் அடிபட்ட அந்தக் கிழமையில், சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனை இந்த மனிதர்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் திரும்பவில்லை. இவரை எங்கேயாவது கண்டால் என்ன செய்வதென்று வருசக்கணக்காக யோசித்து வைத்திருந்தார். இப்போது கிட்டங்கித் தரையில் முதுகு குளிர்ந்தது. வேறொன்றும் வரவில்லை.

"தம்பி தமிழோ? எந்த இடம்?" ஞானரட்ணம் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"உரும்பிராய்."

"உரும்பிராயில ஆற்றை மோன்?" தகப்பன் யாரென்று கேட்டார்.

மேலேயிருந்து காகிதப் பனி கொட்டத் தொடங்கியது. பஸ் நேரம் சொல்வதுபோல அருள்நேசன் சொன்னார்: "அருட்செல்வத்தின்ரை தம்பி. எண்பத்தாறில நீங்கள்தான் வீட்டை வந்து கூட்டிக்கொண்டு போனனீங்கள்."

உதடு அசையாமல் அருள்நேசனே அடுத்ததையும் கேட்டார்:

"எங்கை புதைச்சனீங்கள்?"

பிணங்கள் பேசக்கூடாதென்று ஒலிபெருக்கியில் யாரோ கத்தினார்கள். கமரா தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்து அவர்களைத் தாண்டிப் போனது. இரண்டு பேரும் அசையவில்லை.

சாப்பாட்டுக்கு விட்டார்கள். லடாக்குக்காரரும் திபெத்துக்காரரும் பனியைத் தட்டிக்கொண்டு எழும்பி, ஒன்றாகவே கறி எடுக்க வரிசையில் போய் நின்றார்கள். அருள்நேசனும் எழும்பினார். ஞானரட்ணம் எழும்பவில்லை.

"அண்ணை, முடிஞ்சுது. எழும்புங்கோ."

மூடிய இமைகள் துடித்தன. வாயிலிருந்து மூச்சு புகையாய் வந்துகொண்டிருந்தது. கன்னத்திலும் தாடியிலும் கடதாசித் துணுக்குகள் ஒவ்வொன்றாய் விழுந்து நிரம்பின. பனி மெசினை நிறுத்த யாருக்கும் ஞாபகமில்லை. அருள்நேசன் பதிலுக்காக அங்கேயே நின்றார், அவருடைய தோளும் வெள்ளையாகும்வரை.