பெயர் போடாத செய்தி

எர்மெக்கின் வீடு ஐந்தாவது மாடியில். லிப்ட் கிடையாது, படியில் விளக்கும் கிடையாது. மூச்சு வாங்க ஏறும்போது என்னையே திட்டிக்கொண்டேன். காலமெல்லாம் செய்தி கொடு, செய்தி கொடு என்று ஊர் வாசலெல்லாம் நின்றவள், இன்று ஒருத்தனிடம் போய்ச் செய்தி போடாதே என்று கெஞ்சப் போகிறேன். அதுவும் இவனிடம். தலையெழுத்து.

அன்று விடிந்ததும் கணவாய்ச் சாலையில் பனி சரிந்தது. பனி தள்ளும் வண்டியோடு இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள். மீட்புத் துறை, 'சாலைப் பணியாளர்கள் இருவர் பலி' என்பதோடு வாயை மூடிக்கொண்டது. பெயர்களை அங்கே வேலை பார்க்கும் என் சித்தி மகன்தான் ரகசியமாகச் சொன்னான். ஒருவர் அட்பாஷி பக்கத்துக்காரர், வயதானவர். அவர் வீட்டில் அதற்குள் சொல்லியாகிவிட்டது. இன்னொருவன் குபாத். எங்கள் அனிபாவின் மூத்த பையன். அன்றைக்கு அவனுக்கு லீவு. கூட வேலை பார்க்கிறவனுக்குக் குழந்தை பிறந்ததென்று அவனுக்குப் பதிலாகப் போயிருக்கிறான். அனிபாவுக்கு அது தெரியாது.

அனிபா எங்கள் வாரப் பத்திரிகையில் புரூப் பார்க்கிறவள். அவள் கண்ணில் படாமல் எங்களிடம் ஒரு புள்ளிகூட அச்சேறாது. அன்று வியாழக்கிழமை, பக்கம் முடிக்கிற நாள். எப்போதும்போல வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கணவாயில் ஏதோ ஆகிவிட்டதாமே, யார் பெற்ற பிள்ளையோ பாவம் என்று சொல்லிக்கொண்டே டீ போட்டாள்.

எங்கள் வழக்கத்தில் சாவுச் செய்தியைத் தனியாள் போய்ச் சொல்வதில்லை. பெரியவர்கள் சேர்ந்து வர வேண்டும். பிறந்த வீட்டுப் பெண்கள் பெற்றவளின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புருஷன் கூட இருக்க வேண்டும். பெரியவர் எங்கெங்கோ சுற்றிவந்து மெதுவாகச் சொல்லுவார். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்திருக்கும், ஆனாலும் பிடித்துக்கொள்ளக் கைகள் இருக்கும். இதை உகுசூ என்போம். அனிபாவின் புருஷன் கசிமாலியோ மலைக்குப் பின்னால், குளிர்கால மேய்ச்சலில் ஆடுகளோடு இருந்தார். அங்கே போன் எடுக்காது. அழைத்துவர அவள் தம்பி ஜீப்பில் போயிருந்தான். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள். அதுவரை ஊர் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் நாரின் அதில் கெட்டி. பயமெல்லாம் எர்மெக் இணையத்தில் எழுதுகிற பிளாக்கைப் பற்றித்தான்.

எர்மெக் எங்களிடம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஆற்றங்கரைச் சுவர் இடிந்ததைப் பற்றி ஒருநாள் எழுதிக் கொண்டுவந்தான். ஆசிரியர் ஜோல்டோஷ் அதை வெட்டி வெட்டி, கடைசியில் வானிலை அறிக்கை ஆக்கிவிட்டார். அன்றே வெளியே போனவன் தனியாக எழுத ஆரம்பித்தான். கொஞ்ச நாளில் ஊரே அவனைத்தான் படித்தது. நாங்கள் வெள்ளிக்கிழமை கடைக்கு அனுப்புகிற செய்தியை அவன் திங்கட்கிழமையே எழுதிவிடுவான், செவ்வாய்க்கிழமை ஊர் அதற்குச் சண்டை போட்டு ஓய்ந்திருக்கும். நாங்கள் அவனிடமிருந்து எடுத்து 'இணையத்தில் வெளியான தகவலின்படி' என்று போடுவோம். பேர் போட மாட்டோம். அவன் எங்களிடமிருந்து ஒரு வரி எடுத்துவிட்டால் போதும், திருடன் என்று ஜோல்டோஷ் குதிப்பார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதையெல்லாம் எத்தனையோ தடவை பேசி எனக்கு அலுத்துவிட்டது. தலைநகரத்துப் பெரிய பத்திரிகைக்காரர்கள்கூட எங்கள் பக்கத்துச் செய்தி என்றால் எங்களைக் கேட்பதில்லை, அவனைத்தான் கேட்கிறார்கள். அவன் வாயைத் திறந்தால் நாடே திறந்த மாதிரி. அதனால்தான் படி ஏறினேன்.

கதவைத் திறந்தவன் காலையிலிருந்து முகம் கழுவியவனாகத் தெரியவில்லை. ஆனாலும் குத்தாமல் விடுவானா?

"வாங்க சைராக்கா. 'இணையத்தில் வெளியான தகவல்' வீடு எங்க இருக்குன்னு ஒருவழியா கண்டுபிடிச்சிட்டீங்க."

குத்துவதை அப்புறம் வைத்துக்கொள், யார் செத்தது தெரியுமா என்றேன். தெரியும் என்றான். பனிக்குள்ளிருந்து இழுத்தபோது அங்கே நின்ற லாரி டிரைவர் படமே அனுப்பிவிட்டானாம். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். முழுதாக எழுதி வைத்திருந்தான். குபாத்தின் பேர், வயது, சிரிக்கிற படம், அந்த வண்டி எத்தனை பழசு, சரிவுப் பக்கம் அனுப்பாதீர்கள் என்று ஓட்டுகிறவர்கள் கெஞ்சியும் மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளாதது வரைக்கும். நல்ல செய்தி. நான் எழுதியிருக்க வேண்டியது. அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது, என்ன ஜென்மமோ.

ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"எத எழுதினாலும் போடறதுக்கு முன்னாடி அனிபாக்காவுக்கு அனுப்பிடுவேன். உங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. டீ குடிச்சிக்கிட்டே பிழை பாத்து, ரெண்டு திட்டும் சேத்துத் திருப்பி அனுப்புவாங்க. இன்னிக்கும் எழுதி முடிச்சதும் கை அது பாட்டுக்கு அவங்க பேரை அமுக்கிடுச்சு. அனுப்பவான்னு போன் கேட்டுச்சு. அப்பத்தான்க்கா முழிச்சேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் டீயைக் குடித்துக்கொண்டே, எதிரியின் பிழையை எங்கள் அனிபா திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தப் பயல் எழுத்து இப்போதெல்லாம் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஜோல்டோஷ் புலம்பியதும் அவளிடமேதான். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பேர் கேட்டுத் தலைநகரத்திலிருந்து போன் மேல் போன் வருகிறது என்றான்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேன். இந்தப் பொழப்புக்கு வந்ததிலேருந்து அந்த வார்த்தைய நான் சொன்னதே இல்ல. வாயில வரமாட்டேங்குது."

சாயங்காலம் வரை ஒன்றும் போட மாட்டேன் என்று அவனே சொன்னான். மாடு காணவில்லை, தண்ணீர் வராது என்று வேறு எதையாவது எழுதலாமென்றால் அதற்கும் கை வரவில்லையாம். கெஞ்ச வந்ததைக் கெஞ்சாமலே வாங்கிக்கொண்டு இறங்கினேன். வந்த காரியம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் மூளை அவ்வளவுதான்.

ஆபீஸில் ஜோல்டோஷ் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட்டாக ஊதிக்கொண்டிருந்தார். விபத்தையே போடாமல் விட முடியாது, ஊருக்கே தெரிந்த விஷயம். பக்கம் முடிக்கிற நாளில் அனிபாவை வீட்டுக்கு அனுப்பினால், அதுவே சொன்ன மாதிரி. யோசித்து யோசித்து, பெயர் இல்லாமல் சின்னதாக எழுதிவிடு என்றார். எழுதிக் கொடுத்தேன். எதையும் வெட்டாமல் விடாத மனுஷன் அன்று ஒரு சொல்லையும் தொடவில்லை.

அதற்குள் ஆபீஸ் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. யாரும் மூச்சு விடவில்லை. மூச்சு விடாமலிருக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவன், யாரையும் நிமிர்ந்து பார்க்காதவன், அனிபாவின் மேஜையில் மிட்டாய் வைத்துவிட்டுப் போனான். கணக்குப் பிரிவுக்காரி போய் ஸ்வெட்டர் பின்னுவது பற்றி விசாரித்தாள். ஜோல்டோஷ் தன் கையாலேயே டீ எடுத்துப்போய் வைத்தார். அன்போ அன்பு. எனக்கு எல்லோரையும் அறையலாம் போலிருந்தது, என்னையும் சேர்த்து.

அனிபா புரூப் தாளை விரித்து, வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். மாகாணத் தலைவரின் பேச்சைத் தாண்டினாள். விதை உருளைக்கிழங்கைத் தாண்டினாள். என் செய்திக்கு வந்தாள். அளவுகோல் நின்றுவிட்டது.

"சைரா, பேரு விட்டுப்போச்சு."

இன்னும் வரவில்லை என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பேர் இல்லாம ஒரு பொணத்தையும் பக்கத்துல ஏத்தாதீங்கடின்னு சின்னப் பொண்ணுங்கள விரட்டுறவ நீ." கோபமாகச் சொல்லவில்லை. போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "எர்மெக்கும் இன்னிக்கு ஒண்ணும் அனுப்பல. அவங்கம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்பவே ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து எழுதி அனுப்பினவன்." பிறகு, ஆறிப்போன டீயைப் பார்த்தாள். "இவரு எனக்கு டீ கொண்டாந்து வைக்கிறாரு."

நான் என்ன செய்ய? தனியாளாக வாயைத் திறந்து சொல்லக் கூடாது. இல்லை என்று பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை. தரையைப் பார்த்தேன். ஊர் முழுக்க ஓடி ஓடி வாயைக் கட்டினோம். கட்டினதிலேயே அவள் தெரிந்துகொண்டுவிட்டாள். அச்சில் இருப்பதைவிட இல்லாததைக் கண்டுபிடிப்பதுதானே அவளுக்கு வேலை, அது எங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

"எங்க வீட்டுக்காரரக் கூட்டியார ஆள் போயிருக்கா?"

தலையாட்டினேன்.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'இருவர்' என்ற இடத்தில், சொல் விட்டுப்போனதற்குப் போடுகிற குறியைப் போட்டாள். ஓரத்தில் எழுதினாள்: கசிமாலி மகன் குபாத். இன்னொருத்தர் பேரைக் கேட்டாள், சொன்னேன். அதையும் எழுதினாள். மிச்சப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்து, ஒரு காற்புள்ளியைச் சரிசெய்து, கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் பக்கம் அச்சுக்குப் போகாது.

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். பொத்தான் மட்டும் மாறி மாறி விழுந்தது. நான் போய்ப் போட்டுவிட்டேன்.

"பெரியவங்க வந்து சொல்லட்டும். நான் தெரியாத மாதிரியே உக்காந்துக்கறேன். முறையா கேக்கணும் அவர், என் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது. நீ என் பக்கத்துல உக்காரு." கதவு வரைக்கும் போனவள் நின்றாள். "எர்மெக்க எழுதினத அனுப்பச் சொல்லு. எழுதியிருப்பான். என் பிள்ளைய பத்தி பிழையோட ஊருக்குப் போக வேண்டாம்."

எர்மெக்கிடம் சொன்னேன். அவன் முடியாது என்றான், அழுதான், பிறகு அனுப்பினான். அனிபா கோட்டோடு அப்படியே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்குக் கிட்டே வைத்துப் படித்தாள். முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

"நல்லா எழுதியிருக்கான். வயசு மட்டும் தப்பு. இருபத்தாறு இல்ல, இருபத்தஞ்சு. ஏப்ரல்லதான் இருபத்தாறு ஆகும்."

நான் அதை எர்மெக்குக்கு அடித்து அனுப்பினேன். பிறகு இரண்டு பேரும் அவள் வீட்டுக்கு நடந்தோம், பெரியவர்கள் வருவதற்குள் போய் உட்கார வேண்டும்.