கூட்டக் குறிப்பில் ஒரு முத்தம்

வெள்ளிக்கிழமைக்குள் புது இணையதளம் எழும்பாவிட்டால், லியோனி ஒன்பது வருடமாக எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு அத்தியாயங்களும் போய்விடும். டிவி தொடரை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளை எல்லாம் நீக்கப்போவதாகப் பழைய தளத்தின் நிறுவனம் அறிவித்துவிட்டது. சொந்தத் தளம் கட்டுவதற்காக ரசிகர்கள் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகர நூலகத்தில் கூடினார்கள்.

தளம் கட்டத் தெரிந்த ஒரே ஆள் காரெத். அவனோ, தொடரின் காதல் ஜோடியின் பெயரில் கேப்டன் முதலா டாக்டர் முதலா என்று ப்ரூ என்ற ரசிகையுடன் மூன்று மணி நேரம் மல்லுக்கு நின்றான். கூட்டக் குறிப்பு எழுதிய டூகல், அந்தச் சண்டையை முத்தத்தில் முடித்துப் பழைய தளத்திலேயே ஏற்றிவிட்டான்.

"அப்படி ஒண்ணும் நடக்கலையேடா!" என்றாள் லியோனி.

"கதை கேட்டுச்சு, குடுத்தேன்."

நானூறு பேர் படித்தார்கள். வியாழக்கிழமை காலை காரெத் புதுத் தளத்தைத் திறந்துவிட்டான்.

"என் கதைக்காகவா காரெத்?"

அவன் காது சிவந்தது. "அந்தக் குறிப்பும் நாளைக்கு அழிஞ்சிடுமே. ப்ரூ இன்னும் படிக்கலையாம்."

லியோனி இருநூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றி முடித்தாள். உடனே தளத்தின் முதல் கருத்து வந்தது, அவள் கதைக்கு அல்ல, காரெத் ஏற்றியிருந்த டூகலின் குறிப்புக்கு: "அருமை! அடுத்த கூட்டம் எப்போ?"