துருக்கையனின் சுண்டுவிரல்

துருக்கையனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம். விண்காவலன் சித்திரக்கதையின் முந்நூற்றுச் சொச்ச இதழ்களில் அவன் தலை காட்டியது நான்கே நான்கில். தொட்ட இரும்பெல்லாம் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிரும். அதுதான் அவனுடைய சக்தி. முதல் கதையில் ஒரு பாலத்தைத் தொட்டான். இரண்டாவதில் சிறைக் கம்பியைத் தொட்டான். மூன்றாவதில் வில்லன்கள் எல்லாரும் கூடுகிற மாநாட்டில் கடைசி வரிசையில், யாரோ ஒருவனின் தோளுக்குப் பின்னால் பாதி முகமும் தூக்கிய கையுமாக நின்றான். நான்காவதில் கடலில் விழுந்தான். விண்காவலன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவனைப் பற்றி வந்த வாசகர் கடிதமும் ஒன்றே ஒன்றுதான். தொட்டதெல்லாம் துருவாகிறதென்றால் இடுப்புப் பட்டையின் கொக்கியை இவன் எப்படி மாட்டுகிறான் என்று ஒரு புண்ணியவான் கேட்டிருந்தார். அதற்குப் பதில் போடவில்லை. பதில் யாருக்குத் தெரியும்?

இப்படி உப்புச்சப்பில்லாத ஒரு வில்லன், கூடப் பிறந்த இரண்டு பேரை முப்பத்தெட்டு வருஷம் பிரித்து வைத்தான் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். மனிதர்கள் பிரிவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை.

அவனை வரைந்த ஓவியருக்கு அப்போது இருபத்தேழு வயது. அதற்கு முந்தின வாரம்தான் அவருடைய அம்மா இறந்துபோயிருந்தாள். "அம்மாவுக்கு முடியல, உடனே வா" என்று ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் இரண்டு முறை ஆளனுப்பினார். இவர் கிளம்பவில்லை. இதழ் மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும், ஆறு பக்கம் மை போடாமல் கிடந்தது. ஒரு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்று முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் அண்ணன் இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க சார். பொம்மை போட்டு முடிச்சாச்சா?"

அவ்வளவுதான் சொன்னார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓவியருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பத்திரிகை ஆசிரியர், "ஒரு புது வில்லன் வேணும்யா, சாயங்காலத்துக்குள்ள மூஞ்சி ரெடியாகணும்" என்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஓவியர் பென்சிலை எடுத்தார். கை தானாக அண்ணனை வரைந்தது. கோணல் மூக்கு, விரிந்த காது, இரும்புத்தூள் படிந்த கழுத்து, எல்லாம் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலே, சுண்டுவிரல் இல்லாத இடது கை. வில்லனுக்கு அந்தக் கைதான் ஆயுதம்.

அந்த விரலை மட்டும் அவர் தொட்டிருக்கக் கூடாது. ஏனென்றால் அது போனதே இவரால்தான். அப்பா போனபின் இவரைப் படிக்கவைத்து வளர்த்தது அண்ணனும் அண்ணனின் இரும்புப் பட்டறையும். தகடு வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் பதினைந்து வயதுத் தம்பியை நிறுத்தி, "நான் சொல்றப்ப ஸ்விட்சைப் போடு" என்றார் அண்ணன். தம்பி ஒரு கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு மறு கையால் தகட்டுத் துண்டில் சாக்கட்டியால் குதிரை வரைந்துகொண்டிருந்தான். அண்ணன் சொல்வதற்கு முன்பே போட்டுவிட்டான். "என் கவனக்குறைவுதான்" என்றார் அண்ணன், டாக்டரிடமும் அம்மாவிடமும். கடைசிவரை அப்படியே சொன்னார். தம்பியிடம் தனியாகக்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த விரலைத்தான் கொண்டுபோய் ஊர் பார்க்க வில்லன் கையில் ஒட்டினார் ஓவியர். இதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதழ் அச்சாகி வந்தபோது ஒரு கூத்து நடந்திருந்தது. துருக்கையன் முதன்முதலாகத் தோன்றும் முழுப்பக்கப் படத்தில் எழுத்தே கிடையாது. எழுத்து இருந்தால் திருப்பிப் போட்டது தெரியும். இல்லாததால் நெகட்டிவ் அறையில் ஃபிலிமைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக அச்சாகியிருந்தது. வில்லனுக்கு விரல் இல்லாதது வலது கையில்! அந்த இதழில் அவன் கை தெளிவாகத் தெரிந்த படமும் அது ஒன்றுதான்.

ஓவியர் குதித்தார். ஆசிரியர் அசையவில்லை. "அச்சுல வந்ததுதான்யா வரலாறு. இனிமே அவனுக்கு வலது கைதான். மாத்தி மாத்திப் போட்டா வாசகன் நம்மளைக் காறித் துப்புவான்." சித்திரக்கதைத் தொழிலில் அது ஒரு சட்டம். ஒருமுறை அச்சேறிவிட்டால் ஹீரோவின் மச்சமும் வில்லனின் தழும்பும் கல்லில் வெட்டினாற்போலத்தான். அடுத்த மூன்று கதைகளிலும் ஓவியர் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையையே வரைந்தார்.

அதற்குள் கோபம் வடிந்து பயம் வந்திருந்தது. பட்டறையில் வேலை செய்பவர்கள் அண்ணனை முதுகுக்குப் பின்னால் "துருக்கை" என்று கூப்பிடுகிறார்கள் என்று காதில் விழுந்தது. அண்ணன் மகளைப் பள்ளிக்கூடத்தில், "தொடாதே, துருப்பிடிக்கும்" என்று கேலி செய்து அழவைத்தார்களாம். அண்ணன் மட்டும் இவரிடம் வாயைத் திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். சண்டையே போடாதவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? போக்குவரத்து குறைந்தது. கல்யாணங்களில் பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டியா?", "ஆச்சு அண்ணா." முப்பத்தெட்டு வருஷப் பேச்சை அள்ளினால் ஒரு தபால் அட்டையில் அடக்கிவிடலாம்.

சென்ற மாதம் அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பாவுக்கு நுரையீரல் பூரா இரும்புத்தூளாம். சில வாரம்தான்னு சொல்லிட்டாங்க. முடிஞ்சா ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

ஓவியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போகாமல் இருக்க முடியாது. போனால் என்ன சொல்வது? வாயால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத ஆள் அவர். அந்த வாரமே பத்திரிகையிலிருந்து புது ஆசிரியை கூப்பிட்டாள். விண்காவலனின் எதிரிகள் எல்லாரையும் ஒரே புத்தகத்தில் கொண்டுவருகிறார்களாம். முன்பின் சொல்லப்படாத சில்லறை வில்லன்களுக்கும் ஒரு பூர்வகதை வேண்டுமாம். "மத்ததெல்லாம் அச்சுக்கு ரெடி, துருக்கையனுக்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கியிருக்கோம் சார். அவன் யாருன்னே எங்களுக்குத் தெரியல. நீங்க பார்த்து ஏதாவது பண்ணுங்க."

ஓவியர் பார்த்துப் பண்ணினார். பத்து நாள் மேசையைவிட்டு எழவில்லை. வாழ்க்கையில் எதையும் அவ்வளவு உண்மையாக வரைந்ததில்லை.

அந்த நான்கு பக்கத்தில் துருக்கையன், வில்லனாவதற்கு முன்னால், ஒரு பட்டறைக்காரன். தகப்பனில்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்க்கிறான். தம்பியின் கவனக்குறைவால் இயந்திரத்தில் விரல் போகிறது. கேட்டவர்களிடமெல்லாம் தன் தவறு என்கிறான். காயத்தில் ஏதோ ரசாயனம் கலந்து அந்தக் கை சபிக்கப்படுகிறது; சுத்தியலும் அடைகல்லும் அவன் விரல்பட்டு உதிர்ந்துபோகின்றன. தம்பி திரும்பிப் பார்க்காமல் நகரத்துக்குப் போய்விடுகிறான். ஊர் அவனைத் துருக்கையன் என்கிறது. வேறு பெயரில் கூப்பிட ஆளில்லாததால் அவன் அதுவாகவே ஆகிறான். கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம்: இடிந்த பட்டறை வாசலில் அவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இடுப்பில் இரும்புக் கொக்கி இல்லை, கயிறு. அந்த வாசகருக்கும் பதில் சொல்லியாகிவிட்டது.

பக்கங்களைப் பார்த்த ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பழைய இதழைப் புரட்டினாள்.

"சார், இதுல விரல் இல்லாதது வலது கை. நீங்க இடது கை போட்டிருக்கீங்களே?"

"பழசுலதாம்மா தப்பு. அன்னைக்கு ஃபிலிமைத் திருப்பிப் போட்டுட்டாங்க. இடதுதான் சரி."

"அச்சுல வந்ததுதானே சார் வரலாறு?"

"இந்த ஒரு தடவை திருத்திடலாம்மா. இவனைப் பத்தி யாரு கேக்கப் போறா?"

அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவருக்கு வால் அகப்பட்ட சந்தோஷம்.

புத்தகம் வந்த அன்றே பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பட்டறை பூட்டிக் கிடந்தது. பக்கவாட்டுப் படியேறினால் மாடியில் அண்ணனின் அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சு இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது; அதிலிருந்து வந்த குழாய் அண்ணனின் மூக்கில் இருந்தது. அந்தக் கோணல் மூக்கு மட்டும்தான் பழைய அண்ணன். மற்றதெல்லாம் எலும்பு. அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடா," என்றார் அண்ணன். "உட்காரு. வெயில்ல வந்திருக்கே."

"எப்படி அண்ணா இருக்கீங்க?"

"கிடக்கேன்."

'நான் சொல்லவேண்டியது இதுல இருக்கு, படிங்க' என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். பையின் வாயைத் திறக்கக் கை போனது. அண்ணன் முந்திக்கொண்டார்.

"உன்மேல எனக்கு ஒரு கோபம்டா."

ஓவியர் பையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "சொல்லுங்க அண்ணா."

"வர்றதையே விட்டுட்டியே. ஏன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தத் துருக்கையன்." மூச்சு வாங்கினார். "அது நான்தான்னு நான் நம்பிட்டேன்னு நீயா நெனச்சுக்கிட்ட. அதானே?"

ஓவியர் குனிந்து பையைப் பார்த்தார்.

"பட்டறையில அத்தனை பேரும் சொன்னானுங்க. உன் தம்பி உன்னைத்தான் போட்டிருக்கான்னு. இவகூட ஸ்கூல்லேருந்து அழுதுகிட்டே வந்தா. நான் புத்தகத்தை வாங்கி வச்சு நல்லாப் பார்த்தேன். மூஞ்சி என்னை மாதிரிதான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா விரல்?" போர்வைக்கு மேலே கிடந்த இடது கையைத் தூக்கிக் காட்டினார். "அவனுக்கு வலது கை. எனக்கு இது. இந்த விரல் எப்படிப் போச்சுன்னு உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். என் தம்பி என்னை வரையறதா இருந்தா, எந்தக் கைன்னு மறந்துடுவானா? அவன் மறந்தாலும் அவன் கை மறக்குமா? நாலு புத்தகத்தையும் பார்த்தேன். நாலுலயும் வலது. போங்கடா, அது வேற எவனோன்னு எல்லாருக்கும் காட்டிட்டேன்."

"கல்யாண வீட்ல நீங்க இல்லாதப்ப எல்லாம் காட்டுவாரு சித்தப்பா," என்று அண்ணன் மகள் சிரித்தாள். "யாராவது கிண்டல் பண்ணா போதும், கையை நீட்டிடுவாரு. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லன்னு."

ஓவியர் பையைக் காலால் மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினார். முப்பத்தெட்டு வருஷமாக இந்த மனிதர் அவருக்காக ஊரோடு வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஃபிலிமைப் புரட்டிப் போட்ட அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஓவியர் கோயில் கட்டியிருக்கவேண்டும். அன்றைக்கு அவனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"தப்பா நெனச்சுட்டேன் அண்ணா," என்றார். அது பொய்தான். ஆனால் அதைவிட நல்ல பொய் அவர் சொன்னதில்லை.

"விடுடா," என்றார் அண்ணன். முகம் லேசாகிவிட்டது.

"ஐயோ, மறந்தே போயிட்டேன்!" அண்ணன் மகள் எழுந்தாள். "அப்பா, இன்னைக்குக் காலையில கடைக்குப் போனப்ப புதுப் புத்தகம் வாங்கிட்டு வந்தேன். துருக்கையனுக்கு நாலு பக்கம் கொடுத்திருக்காங்க. நான் இன்னும் பிரிக்கலை. சித்தப்பா கையெழுத்துப் போட்டுத் தரட்டும்னு வச்சிருந்தேன்."

"இப்ப வேணாம்மா," என்றார் ஓவியர். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அவருக்குக் கண்ணு வலிக்கும். அப்புறம் பார்க்கலாம்."

"கொண்டா," என்றார் அண்ணன். "எந்தம்பி போட்டதைப் பார்க்கக் கண்ணு வலிக்குமா?"

மகள் தலையணையை உயர்த்தி, கண்ணாடியை மாட்டிவிட்டு, பக்கத்தைத் திறந்து மார்பில் வைத்தாள். அண்ணன் படித்தார். ஒவ்வொரு வசன பலூனையும் உதட்டை அசைத்துப் படித்தார். தம்பி சுவிட்சைப் போடும் கட்டத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் உதடு நின்றது.

படத்தைப் பார்த்தார். போர்வைமேல் கிடந்த தன் கையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

ஓவியர் வாயைத் திறந்தார். எதிலிருந்து தொடங்குவது, மன்னிப்பிலிருந்தா, ஃபிலிமிலிருந்தா, அம்மா போன வாரத்து ஆத்திரத்திலிருந்தா?

"நல்லாப் போட்டிருக்கேடா," என்றார் அண்ணன். புத்தகத்தை மூடினார். "இந்தத் தடவை சரியா வந்திருக்கு."

இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"குளிருதும்மா."

ஜன்னல் வழியாகக் கட்டில் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் புரியாமல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.